ஒற்றைக்கண் தாய்கள்

சென்னை விமான நிலையத்தின் சரக்குப் பிரிவுக்கு ஹவாயிலிருந்தும் ஃபுளோரிடாவிலிருந்தும் அவ்வப்போது சில தெர்மாகோல் பெட்டிகள் வருகின்றன. உள்ளே ஆக்ஸிஜன் நிரப்பிய பிளாஸ்டிக் பைகள், பைக்குள் குளிரவைத்த கடல்நீர், அந்த நீரில் நாற்பது கிராம் எடையுள்ள இறால்கள். பெட்டிகள் எங்கும் நிற்காமல் நீலாங்கரைக்குப் போகும். ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் அங்கே ஒரு தனிமைப்படுத்தல் நிலையம் நடத்துகிறது. அதில் சில நாள் தங்கி, நோய்ப் பரிசோதனையில் தேறினால்தான் மரக்காணத்திலோ நெல்லூரிலோ விசாகப்பட்டினத்திலோ உள்ள ஹேச்சரிகளுக்கு, அதாவது இறால் குஞ்சு பொரிப்பகங்களுக்கு, பயணம் தொடரும். 2009இல் பசிபிக் கரையைச் சேர்ந்த வனாமி இறாலை வளர்க்க இந்திய அரசு அனுமதி தந்தது முதல், வெளிநாட்டுத் தாய் இறால்கள் நாட்டுக்குள் நுழையும் வாசல் அதுதான்.

ஒரு தாயின் விலை சில ஆயிரம் ரூபாய். அது போடப்போகும் முட்டைகளை நம்பித்தான் ஹேச்சரிக்காரர் அந்தப் பணத்தைக் கொடுக்கிறார். 30 முதல் 45 கிராம் எடையுள்ள ஒரு பெண் வனாமி ஒரே இரவில் 1 லட்சம் முதல் 2.5 லட்சம் முட்டைகள் வரை இடும். ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டருக்கும் குறைவான பொடி. பதினாறு மணி நேரத்தில் முட்டை பொரிந்து, ‘நாப்ளி’ என்று தொழிலில் சொல்லப்படும் முதல் நிலைக் குஞ்சு வெளிவரும். 2023-24 நிதியாண்டில் இந்தியா ஏற்றுமதி செய்த உறைய வைத்த இறால் 7.16 லட்சம் டன், மதிப்பு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். அதில் மிகப் பெரும்பகுதியின் தொடக்கம் இப்படிப்பட்ட ஏதோ ஓர் இரவுதான்.

ஆனால், வாங்கிய தாய்கள் எல்லாம் ஒரே மாதிரி முட்டையிடுவதில்லை. ஒரே பண்ணையில் பிறந்தவை, வயது ஒன்று, விலை ஒன்று. ஒரே தொட்டியில் விட்டு ஒரே தீனியைத்தான் போடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் ஒரு தாய் திரும்பத் திரும்ப முட்டையிட்டிருக்கும். இன்னொன்று ஒருமுறையோ இருமுறையோ இட்டு நிறுத்தியிருக்கும். மற்றொன்று அத்தனை நாளும் கணவாயைத் தின்றுவிட்டு ஒரு முட்டைகூட இடாமல் இருந்திருக்கும். ஹேச்சரித் தொழிலில் லாபமும் நட்டமும் பிரியும் இடங்களில் இது முக்கியமான ஒன்று. ஆனாலும் பெரும்பாலான ஹேச்சரிகளின் பதிவேட்டில் இந்த வேறுபாட்டுக்குத் தனிப் பத்தியே கிடையாது.

டார்ச் வெளிச்சத்தில்

தாய் இறால்களைச் சினைக்குத் தயார்படுத்தும் கூடத்தை ‘மேச்சுரேஷன் ரூம்’ என்பார்கள். கிட்டத்தட்ட இருட்டறை. தண்ணீர் 28 டிகிரியை ஒட்டி நிற்கும். பல ஹேச்சரிகளில் விளக்குகளை நேரம் மாற்றி எரியவிட்டு இறாலின் பகலையும் இரவையும் புரட்டிப்போட்டிருப்பார்கள். நள்ளிரவில் நடக்க வேண்டிய முட்டையிடல் வேலையாட்கள் விழித்திருக்கும் நேரத்தில் நடக்கட்டும் என்பதற்காகச் செய்யும் ஏற்பாடு அது.

டெக்னீஷியன் டார்ச்சோடு தொட்டியைச் சுற்றி வருவார். வனாமியின் ஓடு கண்ணாடி போன்றது. சினை முற்றிய பெண்ணின் முதுகில் தலையிலிருந்து வால்வரை ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை தெரியும். அப்படிப்பட்டவற்றை வலையில் அள்ளி ஆண்கள் இருக்கும் தொட்டியில் விடுவார். சில மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார். கால்களுக்கு நடுவே வெள்ளையாக விந்துப் பொட்டலம் ஒட்டியிருந்தால் இணைசேர்ந்துவிட்டது என்று பொருள். அந்தப் பெண் முட்டையிடும் தொட்டிக்குப் போகும். மற்றவை பழைய இடத்துக்கே திரும்பும்.

ஓர் இரவில் நூறு பெண்களில் 5 முதல் 15 வரை முட்டையிட்டால் அது வழக்கமான விளைச்சல். இந்தச் சதவீதத்தைப் பார்க்கிறவருக்கு, ஒவ்வொரு தாயும் வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை வரிசையில் வந்து போவதாகத் தோன்றும். அப்படி வரிசை எதுவும் கிடையாது. கண்காம்பில் எண் பொறித்த சிறு வளையம் மாட்டி ஒவ்வொரு தாயையும் தனித்தனியாகப் பின்தொடர்ந்தபோதுதான் அது தெரிந்தது.

மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தில் உள்ள லா பாஸ் நகரில் ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. எலெனா பலாசியோஸ், இலியே ரகோட்டா, ஆனா இபார்ரா ஆகியோர் 1990களின் பிற்பகுதியிலிருந்து அங்கே இந்தக் கேள்வியைத் துரத்தினார்கள். சிறு ஆய்வகத் தொட்டிகளோடு நிற்காமல் வணிக ஹேச்சரியின் அளவிலேயே கணக்கெடுத்தார்கள். கடலில் பிடித்த தாய், குளத்தில் வளர்ந்த தாய் இரண்டும் அந்தக் கணக்கில் வந்தன. இரண்டிலும் கிடைத்த சித்திரம் ஒன்றுதான். மொத்த முட்டையிடல்களில் பெரும்பங்கு ஒரு சிறுபான்மைத் தாய்களிடமிருந்து வருகிறது. கணிசமான பெண்கள் ஒருமுறைகூட முட்டையிடாமலே காலத்தை முடித்துக்கொள்கின்றன.

சராசரி என்பது எதையும் மூடி மறைத்துவிடும். ‘நேற்று இத்தனை தாய், இத்தனை கோடி நாப்ளி’ என்று எழுதும் பதிவேட்டில் உழைத்த தாயும் சும்மா இருந்த தாயும் ஒரே வரியில் கரைந்துவிடுகின்றன.

கண்ணை வெட்டினால் சினை பிடிக்கும்

இந்தத் தொழில் இதுவரை கண்ட பெரிய தீர்வு கொஞ்சம் கொடூரமானது. பெண் இறாலின் ஒரு கண்காம்பை நசுக்கியோ, சூடேற்றிய இடுக்கியால் சுட்டோ, நூலால் இறுக்கிக் கட்டியோ நீக்கிவிடுவார்கள். சில நாட்களில் அதன் சினைப்பை வளரத் தொடங்கிவிடும்.

கண்ணுக்கும் சினைப்பைக்கும் என்ன தொடர்பு? 1943இல் பிரெஞ்சு விலங்கியலாளர் ஜான் பனூஸ் ஒரு கடல் இறாலின் கண்காம்பை அகற்றிப் பார்த்தபோது அதன் சினைப்பை பருவம் தவறி வீங்கியது. இறாலின் கண்காம்புக்குள் பார்வைக்குச் சம்பந்தமில்லாத ஒரு சுரப்பித் தொகுதி இருக்கிறது. சினை வளர்வதைத் தடுக்கும் ஹார்மோனை அது சுரக்கிறது. தோலுரிப்பைத் தள்ளிப்போடுவது, ரத்தச் சர்க்கரையைச் சீராக வைப்பது போன்ற வேலைகளைச் செய்யும் ஹார்மோன்களும் அங்கிருந்தே வருகின்றன. கடலில் காலமும் வெப்பமும் தீனியும் கூடிவரும்போது இந்தத் தடை தானாகத் தளரும். தொட்டியில் பல பெண்களுக்கு அது தளர்வதே இல்லை. அதனால் தடை சுரக்கும் இடத்தையே பாதி வெட்டி எறிகிறார்கள். இரண்டு கண்ணையும் எடுத்தால் இறால் தாக்குப்பிடிக்காது.

பனூஸின் கண்டுபிடிப்பு பண்ணைக்கு வர முப்பது ஆண்டுகள் ஆயின. அதற்கு முன்பே, 1930களில், ஜப்பானின் மோட்டோசாகு ஃபுஜினாகா குருமா இறாலை முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்துக் காட்டியிருந்தார். ஆனால், அவர் நம்பியது கடலில் சினை முற்றிப் பிடிபட்ட தாய்களை. சிறையில் வளர்ந்த பெண்ணைச் சினைப்படுத்தும் வழி 1970களில்தான் கிடைத்தது. தஹிதித் தீவில் பிரெஞ்சுக் குழு, பிலிப்பைன்ஸில் தென்கிழக்காசிய மீன்வள மையம், கேரளத்தின் நாரக்கலில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் என்று பல இடங்களிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கண்காம்பு வெட்டு முயன்று பார்க்கப்பட்டது. எம்.எஸ். முத்துவும் ஏ. லட்சுமிநாராயணாவும் இந்திய இறால்களைச் செயற்கையாகச் சினைப்படுத்தி முட்டையிட வைத்ததைப் பற்றி 1977இல் எழுதிய கட்டுரை, இந்திய ஹேச்சரித் தொழிலின் முதல் ஆவணங்களில் ஒன்று.

வெட்டு எல்லாப் பெண்களுக்கும் ஒன்றுதான், விளைவு ஒன்றாக இருப்பதில்லை. ஒன்று சில நாளில் முட்டையிடுகிறது, அடுத்தது வாரக் கணக்கில் காக்க வைக்கிறது, சில இறந்தே போகின்றன. ஹார்மோன் தடை மட்டுமே காரணம் என்றால், தடை நீங்கிய பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் சினையாகியிருக்க வேண்டும் அல்லவா? லா பாஸ் குழு இங்கே ஒரு நல்ல அடையாளத்தைப் பிடித்தது. வெட்டிய பிறகு முதலில் முட்டையிடும் பெண்கள்தான் பின்னாலும் அதிக முறை முட்டையிடுகின்றன. முதல் முட்டையிடலுக்கு எடுத்துக்கொண்ட நாட்களை எண்ணினால் போதும், எந்தத் தாய் தேறும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். கருவி, ரசாயனம் எதுவும் வேண்டாத சோதனை இது. வளையமும் நோட்டும் இருந்தால் ஆகும்.

மஞ்சள்கருவின் விலை

சினையை நிரப்புவது மஞ்சள்கரு. அதற்கான புரதத்தை இறாலின் சினைப்பையும், ஈரலும் கணையமும் சேர்ந்தாற்போல் வேலை செய்யும் செரிமானச் சுரப்பியும் தயாரிக்கின்றன. பொரிந்து வெளிவரும் நாப்ளிக்கு வாய் வேலை செய்யாது. சில உருமாற்றங்களைக் கடந்து அடுத்த நிலையான ‘சோயா’வை அடையும்வரை ஏறத்தாழ இரண்டு நாள் அது தாய் கட்டிக்கொடுத்த மஞ்சள்கருவில்தான் பிழைக்க வேண்டும். ஆக, எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தாயை மெச்சுவது ஆபத்து. இரண்டு லட்சம் முட்டையிட்டு, அவற்றில் பாதி பொரியாமலோ பொரிந்தும் சோயாவைத் தொடாமலோ போனால் அந்தத் தாயின் கணக்கே வேறு.

அந்த மஞ்சள்கரு எங்கிருந்து வருகிறது என்று தேடினால் தீனிக்குப் போய்ச் சேருவோம். தாய் இறால்களின் சாப்பாடு ராஜபோகம்: கணவாய், சிப்பி, மட்டி, ஆர்டீமியா, எல்லாவற்றுக்கும் மேலாகப் பாலிகீட் என்ற கடற்புழு. இறாலால் கொலஸ்டிராலைத் தானே தயாரிக்க முடியாது, தீனியில்தான் வர வேண்டும். நீள்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களும் அப்படியே. பாலிகீட்டில் அராக்கிடோனிக் அமிலம் நிறைய. சினை முற்றுவதைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்கள் அதிலிருந்துதான் உருவாகின்றன. ஓடு, சினை, முட்டை எல்லாவற்றுக்கும் செந்நிறம் கொடுக்கும் அஸ்டாக்சாந்தின் நிறமி மஞ்சள்கருக் கொழுப்பு கெட்டுப்போகாமல் காக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கடலோரச் சேற்றிலிருந்து தோண்டி உயிரோடு விற்கும் புழு, வெள்ளைப்புள்ளி வைரஸையோ இறாலின் வளர்ச்சியை முடக்கும் ஈஹெச்பி என்ற நுண்ணுயிரியையோ கூடவே கொண்டுவரக்கூடும். நோயற்றது என்று சான்றிதழ் பெற்று, தனிமைப்படுத்தலில் தேறி, பல ஆயிரம் ரூபாய் செலவில் வந்திறங்கிய தாய்க்குக் கழிமுகத்துச் சேற்றுப் புழுவை ஊட்டும் முரண் இந்தியக் கடற்கரையில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. உறையவைத்த புழு, பண்ணையில் வளர்த்த புழு, தாய் இறாலுக்கென்றே தயாரித்த உலர்தீனி என்று மாற்றுகள் உண்டு. என்றாலும் உயிருள்ள புழு தரும் வேகத்தைக் கைவிட ஹேச்சரிகளுக்கு மனம் வருவதில்லை.

வயதும் எடையும் அடுத்த காரணங்கள். 8 முதல் 10 மாதத்தில் வனாமி இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும், பத்து மாதத்தைத் தாண்டியபின் உச்சம். உடல் பெரிதானால் ஒரு தடவைக்கு இடும் முட்டைகள் கூடும். ஆனால், எத்தனை தடவை இடும் என்பது எடையைப் பொறுத்ததல்ல. அனுபவப்பட்டவர்களும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பெட்டி திறந்ததும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் பெண் பல நேரங்களில் சோம்பல் தாயாகவே போய்விடுகிறது. சினையாக வேண்டிய சத்தை அது சதையாக்கிக்கொண்டது என்று நினைக்க இடமிருக்கிறது.

கண்காம்பு வெட்டிய தாயை ஓய்வின்றி முட்டையிட வைத்தால் என்ன ஆகும்? பலாசியோஸ் குழு இதையும் பார்த்தது. இனப்பெருக்கச் சோர்வு என்று அவர்கள் பெயரிட்ட நிலையில், தாயின் களைப்பு குஞ்சின் உடலிலேயே தெரிந்தது: சேமிப்புச் சத்து குறைவு, பிழைப்பதும் வளர்வதும் குறைவு. இதனால் இரண்டு மூன்று மாதத்தில் தாய்களை மாற்றிவிடும் வழக்கம் பல ஹேச்சரிகளில் உண்டு. களைத்த தாயோடு களைக்காத தாயும் அப்போது வெளியேறிவிடுகிறது. யார் யார் என்று குறித்து வைக்காத கூடத்தில் வேறென்ன செய்ய முடியும்?

பழி ஒருவர்மேல், பிழை இன்னொருவர்மேல்

வனாமிப் பெண்ணின் உடலில் விந்தைச் சேமிக்கும் பை கிடையாது. முட்டையிடுவதற்குச் சில மணி நேரம் முன்னால் ஆண் ஒட்டிவிடும் பொட்டலம்தான் எல்லாமும். அது சரியாக ஒட்டவில்லை, நழுவி விழுந்தது, அல்லது உள்ளே இருந்த விந்து செத்தது என்றால் அன்றைய முட்டைகள் அத்தனையும் வீண். பதிவேட்டில் விழும் கரும்புள்ளி என்னவோ பெண்ணுக்குத்தான்.

ஆணின் நிலைமை வெப்பத்தால் சீக்கிரம் கெடுகிறது. 2001இல் வெளியான ஓர் ஆய்வில் வனாமி ஆண்களை 26, 29, 32 டிகிரிகளில் வைத்துப் பார்த்தார்கள். 32இல் விந்தணுக்கள் வேகமாகக் குறைந்தன, உருக்குலைந்தவை கூடின. சித்திரை வெயிலில் மரக்காணத்து ஹேச்சரியின் குளிரூட்டி சில மணி நேரம் நின்றால் என்ன நடக்கும் என்பதற்குத் தனியாக ஆராய்ச்சி தேவையில்லை. நீண்ட நாள் தொட்டியில் இருக்கும் ஆண்களின் விந்துப்பை கறுத்துப்போவதும் உண்டு.

நம் கடலில் பிடிபடும் டைகர் இறாலின் வழி வேறு. பெண் தோலுரித்து, ஓடு இன்னும் மெத்தென்று இருக்கும்போது ஆண் இணைசேரும். பெண் அந்த விந்தை ஒரு பையில் சேமித்து வைத்துக்கொண்டு அடுத்தடுத்த முட்டையிடல்களுக்குப் பயன்படுத்தும். மறுபடி தோலுரிக்கும்போது பழைய ஓட்டோடு சேமிப்பும் போய்விடும். அதனால் டைகரில் கண்காம்பை எப்போது வெட்டுவது என்பதே ஒரு கலை. தோலுரிப்பு நெருங்கிய நேரத்தில் வெட்டினால் சினை முற்றுவதற்கு முன்பே விந்து கைவிட்டுப் போகும்.

கடலில் பிடிபடும் டைகர் தாய் ஒரு தடவைக்கு ஐந்து லட்சத்துக்கும் மேல் முட்டையிடக் கூடியது. 1990களில் ஆந்திர, தமிழகக் கரைகளில் அந்தத் தாய்க்காக நடந்த வேட்டையை அன்றைய மீனவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இழுவலையில் ஒரு நல்ல தாய் சிக்கினால் அன்றைய பாட்டுக்கு அதுவே போதும். கரைக்கு வருமுன்பே விலை பேசப்பட்டது. தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த டைகர் பெண்களோ இவற்றோடு போட்டியிட முடியவில்லை. முட்டை குறைவு, பொரிப்பும் குறைவு. ஆனால், கடல் தாய் முட்டையோடு நோயையும் கொண்டுவந்தது. 1994 முதல் வெள்ளைப்புள்ளி நோய் இந்தியக் குளங்களைச் சூறையாடியபோது, அழகான தாயை வாங்கி வந்த ஹேச்சரியே நோயைப் பரப்பும் இடமானது.

நோயற்ற தாய்க்கான தேடல் ஹவாயில் பலித்தது. அமெரிக்க அரசின் ஆதரவோடு ஓஷியானிக் இன்ஸ்டிடியூட்டில் ஜிம் வைபன் உள்ளிட்டோர் 1990ஐ ஒட்டிக் குறிப்பிட்ட நோய்கள் அற்ற வனாமி இறால்களை உருவாக்கினார்கள். மெக்சிகோவின் சொனோராவிலிருந்து பெருவின் வடக்கு வரை உள்ள பசிபிக் கரையின் இறால், தலைமுறை தலைமுறையாகத் தொட்டிக்குள்ளேயே வளரும் வீட்டு விலங்காயிற்று. அதன் பேரப்பிள்ளைகள்தான் இன்று நீலாங்கரையில் வந்து இறங்குகின்றன.

தாயைப் போல மகளா?

நன்றாகக் கறக்கும் பசுவின் கிடாரியை எந்த விவசாயியும் விற்க மாட்டார். இறாலில் அதே யோசனை செல்லுமா? லா பாஸ் மையத்தின் அர்கோஸ், ரகோட்டா, இபார்ரா ஆகியோர் 2004இல் வெளியிட்ட மரபியல் கணக்கு ஓரளவு செல்லும் என்கிறது. வெட்டிய பிறகு எத்தனை நாளில் முதல் முட்டையிடல் நடக்கிறது என்ற பண்பு குறிப்பிடத்தக்க அளவு பரம்பரையாக இறங்குகிறது. ஒரு தடவைக்கு எத்தனை முட்டை என்பதில் பரம்பரையின் பங்கு சிறிது, உடலும் சூழலுமே பெரிது. அதாவது சீக்கிரம் சினையாகும் இயல்பைத் தேர்ந்தெடுத்து வளர்த்தெடுக்கலாம்.

ஆனால், தாய் இறால் நிறுவனங்கள் பல ஆண்டுகளாகத் தேர்ந்தெடுத்தது வேறொன்றை. குளத்து விவசாயி கேட்பது வேகமான வளர்ச்சியையும் நோய் தாங்கும் திறனையும். விற்பனையாகும் பண்புகளும் அவைதான். முட்டையிடும் திறன் என்பது இடையில் நிற்கும் ஹேச்சரிக்காரரின் கவலை மட்டுமே. அவரும் கத்தி கையில் இருக்கிற தைரியத்தில் அதைப் பெரிதாகக் கேட்டதில்லை. கண்காம்பு வெட்டு இந்தத் தொழிலுக்குச் செய்த பெரிய தீமையே இதுதான் என்று தோன்றுகிறது. தானாகச் சினையாகும் பெண்ணுக்கும் வெட்டினால்தான் சினையாகும் பெண்ணுக்கும் இருந்த வேறுபாட்டை அது ஐம்பது ஆண்டுகள் கண்ணில் படாமல் வைத்திருந்தது.

இந்திய ஹேச்சரிக்கு இன்னொரு கட்டும் உண்டு. மரக்காணத்தில் ஒருவர் வளையம் மாட்டி, நோட்டுப் போட்டு, அற்புதமான ஒரு தாயைக் கண்டுபிடித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அதன் மகள்களை அடுத்த தலைமுறைத் தாயாக வளர்க்க அவருக்கு அனுமதி இல்லை. குளத்தில் வளர்ந்த வனாமியைத் தாயாகப் பயன்படுத்தக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் விதிகள் இடம் தருவதில்லை. நோய் பரவும் அச்சம் ஒரு காரணம். இன்னொன்று உள்ளினக் கலப்பு. விற்கப்படும் தாய்களும் தந்தைகளும் பெரும்பாலும் சில குடும்பங்களிலிருந்தே வருபவை. அவற்றின் பிள்ளைகளைத் தங்களுக்குள் சேர்த்தால் அடுத்த தலைமுறை பலவீனமாகும். விற்கப்பட்ட தாய்களின் பிள்ளைகளையே தாயாக்கும் அனுமதியற்ற நகல் ஹேச்சரிகளால் பெருகும் இந்த உள்ளினக் கலப்பு ஆசியாவின் இறால் நோய்களைத் தீவிரமாக்கியிருக்கலாம் என்று மரபியலாளர் ரோஜர் டாயல் 2016இல் எச்சரித்தார். விதி நியாயமானதுதான். ஆனால், அதன் விளைவாக, அந்த அற்புதத் தாயின் மகள்கள் அத்தனையும் நான்கு மாதத்தில் பனிக்கட்டிக்கும் ஏற்றுமதிப் பெட்டிக்கும் போய்விடுகின்றன. தாயைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் ஹவாயிலும் ஃபுளோரிடாவிலும் தங்கிவிட்டது.

கத்தியைக் கீழே வைத்தவர்கள்

மொசாம்பிக்கைச் சேர்ந்த சிமாவோ சகாரியாஸ், ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி, கண்ணை வெட்டாமலே வணிக அளவில் முட்டை எடுக்க முடியுமா என்று பார்த்தார். 2019இல் வெளியான முடிவுகளின்படி வெட்டாத தாய்கள் குறைந்த முறையே முட்டையிட்டன. ஆனால், ஒவ்வொரு முட்டையிடலின் தரத்திலும் குஞ்சுகளின் தரத்திலும் அவை பின்தங்கவில்லை. சற்று நீண்ட தயார்ப்படுத்தல், நல்ல தீனி, ஆண்-பெண் விகிதத்தில் மாற்றம் ஆகியவற்றால் எண்ணிக்கைக் குறையைச் சரிக்கட்ட முடியும் என்று தெரிந்தது. 2021இல் வந்த அடுத்த ஆய்வு இன்னும் கவனத்தை ஈர்த்தது. வெட்டாத தாய்களின் குஞ்சுகள், இளம் இறால்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் விப்ரியோ பாக்டீரியாவுக்கும் வெள்ளைப்புள்ளி வைரஸுக்கும் எதிராகக் கூடுதலாகத் தாக்குப்பிடித்தன.

வேறு வழிகளும் முயன்று பார்க்கப்பட்டன. கோஸ்டா ரிகாவின் ஹோர்ஹே அல்ஃபாரோவும் உடன் ஆய்வாளரும் 2000இல் செரோட்டோனின் ஊசி போட்டு வனாமியை முட்டையிட வைத்தார்கள். பலித்தது, ஆனால் வெட்டின் வேகம் வரவில்லை. தாய்லாந்தின் மஹிடோல் பல்கலைக்கழகக் குழு, சினையைத் தடுக்கும் ஹார்மோனின் மரபணுவையே தற்காலிகமாக மௌனமாக்கும் ஆர்.என்.ஏ ஊசியை டைகரில் சோதித்து 2011இல் வெற்றி கண்டது. ஆயிரக்கணக்கான தாய்களுக்கு ஒவ்வொன்றாக ஊசி போடும் செலவு ஹேச்சரிக்குக் கட்டுப்படியாக வேண்டுமே!

வெளியிலிருந்தும் அழுத்தம் வருகிறது. நண்டும் இறாலும் வலி உணரக்கூடியவையாகக் கருதப்பட வேண்டும் என்று லண்டன் பொருளாதாரப் பள்ளியின் ஜோனதன் பர்ச் தலைமையிலான குழு 2021இல் அறிக்கை தந்தது. அடுத்த ஆண்டே பிரிட்டன் தன் விலங்கு நலச் சட்டத்தின் வரம்புக்குள் அவற்றைச் சேர்த்துக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கைவழி உணவு விதிகள் கண்காம்பு வெட்டை, கட்டுவதும் நசுக்குவதும் உட்பட, முற்றிலும் தடைசெய்கின்றன. ஐரோப்பிய இயற்கைவழிச் சந்தைக்கு இறால் அனுப்ப நினைப்பவர் இனி தாயிலிருந்தே தொடங்க வேண்டும்.

வெட்டாத ஹேச்சரியின் கணக்கு வேறு விதமாக ஓடும். அதே எண்ணிக்கை நாப்ளிக்கு அதிகத் தாய்களும் தொட்டிகளும் தீனியும் தேவை. ஆனால், தாய்கள் குறைவாக இறக்கும், அதிக நாள் பயன்படும். எல்லாவற்றையும்விட, தானாகச் சினையாகும் பெண் எது என்பது மறைக்கக் கத்தி இல்லாததால் முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்.

2019இல் சீனாவின் சிங்தாவோ ஆய்வாளர்கள் வனாமியின் மரபணுத் தொகுப்பை வெளியிட்டார்கள். இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் அதில் அடையாளம் காணப்பட்டன. நல்ல தாயை முட்டையிடும் முன்பே மரபணுவில் அடையாளம் காணும் நாள் அதனால் பக்கத்தில் வந்திருக்கலாம். ஆனால், அந்த வசதியும் முதலில் கிடைக்கப்போவது குடும்ப வரலாற்றைக் கையில் வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத்தான்.

சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இந்த இடத்தில்தான் வேறொரு திசையில் போகிறது. நம் கரையின் இந்திய வெள்ளை இறாலைத் தேர்ந்தெடுத்து மேம்படுத்தும் மரபியல் திட்டம் 2022இல் ஒன்றிய அரசின் நிதியுதவியோடு அறிவிக்கப்பட்டது. அந்த இனத்தின் மரபணுத் தொகுப்பும் கையில் இருக்கிறது. குடும்பம் குடும்பமாக வளர்த்து, தாயின் வரலாற்றை மகளோடு சேர்த்து எழுதும் உரிமை முதல்முறையாக இங்கேயே இருக்கும். வளர்ச்சியோடு முட்டையிடும் திறனையும் தொடக்கத்திலிருந்தே தேர்வுப் பட்டியலில் சேர்த்தால் வனாமியில் தவறவிட்டதை இதில் பிடித்துவிடலாம். ஆனால், வனாமிக் கூடத்தின் அன்றாட அட்டவணையை அப்படியே தூக்கிவந்து இங்கே வைக்க முடியாது. இந்திய வெள்ளை இறால் டைகரைப் போல விந்தைப் பையில் சேமிக்கும் இனம், தோலுரித்த இரவில்தான் இணைசேரும். ஆகவே, இந்தக் கூடத்தில் டார்ச்சோடு சுற்றுபவர் முதலில் தேட வேண்டியது ஆரஞ்சுப் பட்டையை அல்ல, தொட்டியின் அடியில் கிடக்கும் கழற்றிய ஓட்டை.